மே மாதம், 11 பேர், 4 குழந்தைகள்: ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக ராமேஸ்வரம் போகலாமா?

வேளச்சேரி வாசி
ஏப்ரல் 17, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

பாட்டிக்கு ராமேஸ்வரத்தில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று அப்பா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியாருக்கு 22 தீர்த்தத்திலும் குளிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். ஒரே கல்லில் மூன்று மாங்காய் அடிக்கலாம் என்று மே 14 காலை கிளம்பி நான்கு நாளில் போய் வரத் திட்டம்.

ஆட்கள்: நான், மனைவி, மகள் (7), மகன் (3). அக்கா, அத்தான், அவர்களுடைய பையன்கள் (9 வயது, ஒன்றரை வயது). அப்பா, அம்மா, என் மாமியார். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. அக்காவின் மூத்தவனுக்கு வண்டி நகர்ந்தாலே வாந்தி.

பார்க்க நினைப்பவை: முட்டுக்காடு, முதலைப் பண்ணை, மாமல்லபுரம், ஆலம்பரை கோட்டை, புதுச்சேரி, பிச்சாவரம், சிதம்பரம், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை, மனோரா, தேவிபட்டினம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. நேரம் இருந்தால் கன்னியாகுமரி.

டெம்போ டிராவலர் எடுப்பதா, இரண்டு கார்களா? எங்கெங்கே தங்கலாம்? இன்னொன்று, அக்கா கரண்ட் குக்கரைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தடுக்க வழி இருக்கிறதா?

வெயில் விரோதி
ஏப்ரல் 17, இரவு 10.41

மே 4 முதல் 28 வரை கத்திரி. அதன் நட்டநடுவில் ஒன்றரை வயதுக் குழந்தையையும் முட்டி வலிக்காரரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கா? பேசாமல் கொடைக்கானல் போங்கள்.

இரட்டைவால் அம்மா
ஏப்ரல் 17, இரவு 11.05

கொடைக்கானலுக்கு மே மாதத்தில் இ-பாஸ் எடுத்து, மலையடிவாரத்திலிருந்தே வரிசையில் நின்று, உச்சிக்குப் போவதற்குள் பிள்ளைகள் இரண்டு தடவை சண்டை போட்டு சமாதானமாகிவிடுவார்கள். போன வருடம் பட்டேன். அவருடைய அப்பா தர்ப்பணம் கொடுக்கப் போகிறார், ஏரியில் படகு விட இல்லை.

தம்பி, தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். காலை எழுந்தவுடன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், இவ்வளவுதான் மே மாதத்தில் உங்கள் கையில் இருக்கிற நாள். பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை பிள்ளைகள் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். மணல் அந்த நேரத்தில் செருப்புக்குள்ளேயே சுடும். இதை ஒப்புக்கொண்டால் மீதிக் கேள்விகளுக்குத் தானாகவே பதில் வந்துவிடும்.

ஸ்டியரிங் சாமி
ஏப்ரல் 18, காலை 5.50

22 வருடமாக வேன் ஓட்டுகிறேன். அந்தப் பாதையில் எத்தனை நடை என்று கணக்கு வைக்கவில்லை.

சார், கன்னியாகுமரியைச் சேர்த்தால் 16 ஊர். நாலு நாள். ஊருக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், அதில் தூங்க நேரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சென்னையிலிருந்து கரையோரமாகவே போனால் ராமேஸ்வரம் சுமார் 600 கி.மீ. மேப் காட்டுகிற நேரத்தை நம்ப வேண்டாம். அது ஒண்டி ஆள் ஓட்டுகிற நேரம். குழந்தைகளோடு போகிற வண்டிக்கு நான் மணிக்கு 40 கி.மீ. என்றுதான் கணக்குப் போடுவேன். ஒருவர் ஒன்றுக்குப் போக நிறுத்தினால் மற்றவருக்கு வராது, பத்து கி.மீ. தாண்டியதும் வரும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலையை அகலப்படுத்துகிற வேலை நடக்கிறது. ஊர்களுக்குள் வேகத்தடை. ஆக 15 மணி நேர ஓட்டம். அதை மூன்று விடியற்காலைகளாகப் பிரியுங்கள். முதல் நாள் சிதம்பரம், இரண்டாம் நாள் வேளாங்கண்ணி, மூன்றாம் நாள் ராமநாதபுரம் பக்கம்.

டிராவலர் எடுத்தால் எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டு போகலாம், உண்மைதான். வண்டிக்காரரிடம் அகில இந்திய பெர்மிட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் புதுச்சேரிக்குள் நுழையும்போது வரி கட்ட வேண்டும். காரைக்காலும் புதுச்சேரி ஆட்சிப் பகுதிதான் என்பது பல பேருக்கு எல்லையில் போய்த்தான் ஞாபகம் வரும். டிரைவர் பேட்டா, ராத்திரி தங்க அவருக்கு ஓர் இடம், இதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். டிரைவரை வண்டியிலேயே படுக்க விட்டுவிட்டு மறுநாள் விடியற்காலையில் எழுப்பி ஓட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளைகள் சார்.

இரட்டைவால் அம்மா
ஏப்ரல் 18, காலை 7.15

சாமி அண்ணன் சொன்னதில் ஒன்றே ஒன்று எனக்கு ஒத்துவராது. நான் பார்த்த டிராவலர்களில் பின் இருக்கைகளில் குழந்தை இருக்கையைக் கட்டுகிற மாதிரி பெல்ட் இல்லை. மூன்று வயதும் ஒன்றரை வயதும் மடியிலேயே 600 கி.மீ. போவார்கள். பிரேக் அடித்தால் மடி ஒரு பாதுகாப்பே இல்லை.

எங்கள் ஓட்டு இரண்டு வண்டிகளுக்கு. பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொன்று, ஒரே வண்டியென்றால் ஒருவருக்குத் தலைவலி வந்தாலும் 11 பேரும் திரும்ப வேண்டும். இரண்டு இருந்தால் பெரியவர்கள் கோயிலுக்கு, குழந்தைகள் கடலுக்கு என்று பிரியலாம். ஒரு வண்டிக்காவது ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள்.

கழிப்பறை பற்றி யாரும் பேசமாட்டார்கள், நான் பேசுகிறேன். நாகப்பட்டினம் வரைக்கும் கவலையில்லை. அதற்குத் தெற்கே சுத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரையும் இறக்குங்கள். சின்னவனுக்கு பிளாஸ்டிக் கழிப்பிருக்கை (potty) ஒன்று டிக்கியில் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும், பைகளுக்கு அடியில் இல்லை. பழைய போர்வை இரண்டு, மறைப்புக்கு. அம்மாவுக்கு முட்டி வலி என்றால் தரைக் கழிப்பறையில் உட்கார முடியாது. அறை எடுக்கும்போது "வெஸ்டர்ன் இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா" என்று இரண்டையும் போனில் கேளுங்கள். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வாந்திப் பையனுக்கு: கிளம்பும் முன் பால் கொடுக்க வேண்டாம். காய்ந்த இட்லி இரண்டு, போதும். கையில் போன் கூடவே கூடாது. நடு வரிசையில், முன்னால் சாலை தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள்.

நாகூர் பையன்
ஏப்ரல் 18, மதியம் 1.30

எங்கள் ஊரைப் பட்டியலில் வைத்ததற்கு நன்றி. ஆனால் மே மாத மதியத்தில் வந்து நின்றால் தர்கா முற்றத்துத் தரைக்கல்லில் கால் வைக்க முடியாது. அஸருக்கு (சாயங்காலத் தொழுகை) அப்புறம் வாருங்கள். 131 அடி உயரப் பெரிய மனாராவில் (தர்கா கோபுரம்) புறாக்கள் வந்து அடைகிற நேரம், பிள்ளைகளுக்கு அதுவே போதும். கடைத்தெருவில் வாடா (இறால் வைத்த வடை, எங்கள் ஊரில் இதுதான் பெயர்) சூடாகச் சாப்பிட்டுவிட்டு வேளாங்கண்ணிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத் தூரம்தான்.

மீன் ஆசையோடு வருகிறவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் கூட்டினார்கள். இந்தச் சமயத்தில் ஹோட்டலில் பெரிய வஞ்சிரம் துண்டு சிரித்துக்கொண்டே வந்தால், எங்கிருந்து எப்போது வந்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நாட்டுப்படகு மீன் கிடைக்கும். விலை கூடுதல், ஆனால் அன்றைய மீன்.

வேளச்சேரி வாசி
ஏப்ரல் 18, இரவு 9.10

அனைவருக்கும் நன்றி. இரண்டு வண்டிகள் என்று முடிவாகிவிட்டது. அத்தானின் காரில் குழந்தை இருக்கைகள், எனக்கு ஆக்டிங் டிரைவரோடு வாடகைக்கு ஏழு பேர் வண்டி. கன்னியாகுமரியை அடித்துவிட்டேன். முட்டுக்காடு, மாமல்லபுரம் நமக்குப் பக்கம்தான், எந்த ஞாயிறும் போகலாம். அவையும் போயிற்று.

பிள்ளைகள் கடலில் இறங்குவதற்கு எந்த இடம் நல்லது? நான் புதுச்சேரியையும் வேளாங்கண்ணியையும் நினைத்து வைத்திருந்தேன்.

தொண்டிக்காரன்
ஏப்ரல் 19, அதிகாலை 2.35

இரண்டும் வேண்டாம். நான் ஷார்ஜாவில் இருக்கிறேன், ஊர் தொண்டி, கடலில் பிழைத்த குடும்பம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வேளாங்கண்ணி வரை ஒரே கடல். திறந்த வங்காள விரிகுடா. கரை சட்டென்று சரியும், அலை காலடியில் வந்து உடையும், திரும்பும்போது மணலையும் சேர்த்து இழுக்கும். முட்டளவு தண்ணீரில் நிற்கிற பெரிய ஆளையே உட்கார வைத்துவிடும். குழந்தைகளைக் கையைப் பிடித்துக்கொண்டு காலை நனைக்கலாம், அவ்வளவுதான். வேளாங்கண்ணியில் ஒவ்வொரு வருடமும் யாரையாவது கடல் கொண்டுபோன செய்தி எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை.

கோடியக்கரை என்பது நிலத்தின் மூக்கு. அந்த மூக்கைச் சுற்றித் திரும்பினீர்கள் என்றால் பாக் நீரிணை. எதிரே இலங்கை மறித்துக்கொண்டு கிடக்கிறது, உள்ளே ஆழம் குறைவு, பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். பெரிய அலை எழும்ப இடமே இல்லை. தண்ணீருக்கு அடியில் கடற்புல் மேய்ச்சல் நிலம் மாதிரி பரந்து கிடக்கும். அதை மேய்கிற கடற்பசுவுக்காகத்தான் 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பைக் காப்பகமாக அறிவித்தார்கள். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஆனால் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். நானே வாழ்நாளில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான கடற்கரை இல்லை எங்களுடையது. பல இடத்தில் சேறு, பாசி ஒதுங்கிக் கிடக்கும், வாடை அடிக்கும். குளிக்கிற மாதிரி மணல் வேண்டுமென்றால் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் உச்சிப்புளிப் பக்கம் அரியமான். சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது. மே மாதத்தில் தெற்கிலிருந்து சோழகக் காற்று வீசும், அதனால் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வடக்குப் பக்கம் அந்த நேரத்தில் குளம் மாதிரி கிடக்கும். தனுஷ்கோடியில் இதைத்தான் ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். அரிச்சல்முனையில் நின்றால் இரண்டையும் பார்க்கலாம், ஆனால் அங்கே இறங்கக் கூடாது. இரண்டும் மோதுகிற இடம், நீரோட்டம் ஆளைக் கேட்காது.

குளமாக இருந்தாலும் இரண்டு எச்சரிக்கை. சொறி (ஜெல்லி மீன்) மிதந்து வரும். பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், கடல் தண்ணீராலேயே கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். திருக்கை மணலில் புதைந்து படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அப்படித்தான் பழகும்.

வழியில் தொண்டியில் நிறுத்துங்கள். தனிச் செய்தியில் வீட்டு அடையாளம் அனுப்புகிறேன். அம்மா இருக்கிறார்கள், டீ குடித்துவிட்டுப் போங்கள்.

வெயில் விரோதி
ஏப்ரல் 19, காலை 8.00

இதைப் படித்த பிறகு நானே போகலாமா என்று யோசிக்கிறேன். இருந்தாலும் டிசம்பரில்தான்.

தொண்டிக்காரன்
ஏப்ரல் 19, காலை 11.20

டிசம்பரில் வாடைக் காற்று அண்ணே. அப்போது நான் சொன்னது எல்லாம் தலைகீழ். வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தெற்குப் பக்கம் அமைதியாகும். பாம்பன்காரர்கள் காற்றுக்குத் தக்கபடி படகைக் கரை மாற்றுவார்கள்.

டிக்கெட் தாத்தா
ஏப்ரல் 19, மாலை 6.45

ரயில்வேயில் 34 வருடம் இருந்தவன். பாம்பனைப் பற்றி ஒருவரும் சொல்லாததால் சொல்கிறேன். பழைய ரயில் பாலம் 1914. நடுப்பகுதி இரண்டு இமைகள் போலத் திறந்தது. புதுப் பாலத்தை 2025 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறந்தார்கள். இதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே படுத்தவாக்கில் 17 மீட்டர் மேலே போகும். பக்கத்தில் இருக்கிற சாலைப் பாலம் 1988. அதன் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற கூட்டத்தில் நீங்களும் ஒருவராக வேண்டாம். பாலம் ஏறுவதற்கு முன்பே ஓரமாக நிறுத்திவிட்டு, ரயில் வருகிற நேரம் கேட்டுக்கொண்டு நின்று பாருங்கள். கப்பலுக்காகப் பாலம் தூக்குவது தினமும் நடப்பதில்லை.

பெரியவர்களை மட்டும் திரும்பும்போது ரயிலில் ஏற்றலாமே என்று சொல்ல வந்தேன். முன்பதிவு இப்போது 60 நாள். மே மாத இடமெல்லாம் எப்போதோ தீர்ந்திருக்கும். தட்கல்தான்.

சாப்பாட்டு விஷயம்: புளியோதரை கட்டுங்கள், தயிர் சாதம் கட்டாதீர்கள். மே மாத டிக்கியில் தயிர் சாதம் மாலைக்குள் வேறு ஒன்றாகிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் நுழைந்துவிட்டால் நுங்கும் பதநீரும் கிடைக்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள், இருந்தாலும் வெயில் ஏற ஏறப் புளிக்கும். மதியத்துக்கு மேல் விற்பதைப் பேரனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு வேறு கதை.

வேளச்சேரி வாசி
ஜூன் 1, இரவு 8.30

போய் வந்துவிட்டோம். நான்கு நாள் எட்டு நாளானது. சொல்லிக்கொடுத்தவர்களுக்கு முழுக் கதையும் சொல்லியாக வேண்டும்.

நாலே காலுக்குக் கிளம்ப வேண்டியது, ஆறு மணிக்குக் கிளம்பினோம். யாரால் என்று எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. மூத்தவன் காய்ந்த இட்லி, போன் இல்லை, நடு இருக்கை எல்லாம் செய்தும் மரக்காணம் உப்பளத்தருகே ஒரு தடவை வாந்தி எடுத்தான். அதன் பிறகு எட்டு நாளும் எடுக்கவில்லை. அதைப் பார்த்த என் மகன் தனக்கும் வருகிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்த வைத்தான். அவனுக்கு வரவே இல்லை.

முதல் இரவு சிதம்பரம். மறுநாள் காலை பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுத்தோம். மோட்டார் படகு குறுகலான கால்வாய்களுக்குள் போகாது என்றார்கள். மகனுக்கு மிதவைச் சட்டை தொளதொள என்று இருந்தது. கேட்ட பிறகு உள்ளே போய்ச் சின்ன அளவு எடுத்து வந்தார்கள், கேட்காவிட்டால் அதோடுதான் அனுப்பியிருப்பார்கள். சுரபுன்னை வேர்கள் கால் அகட்டி நிற்பதைப் பார்த்து, "இந்த மரமெல்லாம் நடந்து வந்துச்சாப்பா?" என்றாள் மகள்.

அங்கேயே நேரம் போய்விட்டது. தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பதினைந்து நிமிடத்தில் பார்த்து முடித்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். பீரங்கியைத் தொட்ட அக்கா மகன் கையை உதறினான், அவ்வளவு சூடு. இரட்டைவால் அம்மா பத்து மணி என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு வேளாங்கண்ணியில் மகனுக்கு வாந்தியும் பேதியும். இந்த முறை நிஜம். நாகூர் போகவே முடியவில்லை, நாகூர் பையன் மன்னிக்கவும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்து, "டம்ளரில் கொடுக்காதீர்கள், ஸ்பூனில், நிமிடத்துக்கு ஒன்று. சிறுநீர் போகிறானா என்று மட்டும் பாருங்கள்" என்றார். விடிய விடிய நானும் மனைவியும் அத்தானும் முறை வைத்துக் கொடுத்தோம். காலை ஆறு மணிக்கு மஞ்சளாக ஒன்றுக்குப் போனான். அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு நாள் அங்கேயே தங்கினோம். அந்த இரண்டு நாளும் அவன் சாப்பிட்ட ஒரே ஆகாரம் அக்கா குக்கரில் வைத்துக் கொடுத்த குழைந்த சோறும் கஞ்சியும்தான். முதல் பதிவில் குக்கரைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஐந்தாம் நாள் நாலரைக்குக் கிளம்பி ஏழு மணிக்கு மனோரா கோபுரம். கீழே நின்றே பார்த்தோம், அம்மாவுக்குப் படி இல்லாத இடம் கிடைத்ததே பெரிது. சரபோஜி மன்னர் 1814-இல் ஆங்கிலேயர்கள் நெப்போலியனை வென்றதற்காகக் கட்டினார் என்று அப்பா விளக்கினார். "நெப்போலியன் தஞ்சாவூர் பக்கம் வந்தாரா தாத்தா?" "வரவில்லை." "அப்புறம் எதுக்கு?" அப்பா வண்டியில் ஏறிக்கொண்டார்.

தொண்டிக்காரன் தம்பி, உங்கள் அம்மா டீ மட்டும் கொடுத்தார்கள் என்று நினைத்தால் தப்பு. காரல் மீன் சொதியும் சோறும் போட்டு, "கைக்குழந்தைக்காரிக்கு நல்லது" என்று அக்காவுக்கு இரண்டாம் தடவையும் ஊற்றினார்கள். சைவமான என் மாமியாருக்குத் தனியாக முருங்கைக்கீரை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அதன் பிறகு அரியமான். தங்கியது ராமேஸ்வரத்தில், ஆனால் இரண்டு காலையும் ஆறேகாலுக்குப் பிள்ளைகளோடு அங்கே போய்விட்டோம். தண்ணீரில் நூறடி நடந்தும் மகளுக்கு இடுப்பளவு வரவில்லை. நால்வரும் காலைத் தேய்த்துத் தேய்த்து வரிசையாக நடந்ததைப் பார்த்து, அங்கே வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எந்த ஊர்ப் பிள்ளைக?" என்று கேட்டார். வேளச்சேரி என்றதும் நம்பவில்லை. ஒன்பது மணிக்குச் சவுக்கு நிழலில் நுங்கு, பத்துக்கு அறை. ஒரு நாள் மதியம் மட்டும் பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். கூரைக்குள் இருந்ததால் குழந்தைகளுக்கும் பிடித்தது.

இரண்டு வண்டி எடுத்தது அங்கேதான் பலித்தது. நாங்கள் கடலில் இருந்த நேரம் அப்பா அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணத்தை முடித்துவிட்டு, கல்லில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். பாட்டியின் பெயரைச் சொல்லும்போது குரல் வரவில்லை என்று அத்தான் பிறகு என்னிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அன்று அந்த நேரத்துக்கு நான் ஏன் கடலுக்குப் போனேன் என்று இன்னும் மனதில் ஓடுகிறது.

22 தீர்த்தத்துக்கு மாமியாருக்குத் துணையாக மூத்தவன் போனான். வாளித் தண்ணீர் தலையில் விழுந்ததும் அலறுவான் என்று நினைத்தோம். ஒவ்வொரு கிணறாக எண்ணிக்கொண்டே ஓடி, கடைசியில் மாமியார் பத்தொன்பதுதான் ஆயிற்று என்கிறார், அவன் 22 என்கிறான். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. வழியெல்லாம் ஈரம், வழுக்குகிறது, பெரியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணி கையில் வேண்டும். அம்மா வெளிப் பிரகாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். 1,212 தூண்கள் என்று யாரோ சொன்னதும் மகள் எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டாள். ஒன்றரை வயதுக்காரன் அந்தக் குளிர்ந்த கல்தரையில் ஓடிய ஓட்டத்தை எட்டு நாளில் வேறெங்கும் ஓடவில்லை. நடை சாத்தியதும்தான் எழுந்து வந்தோம்.

குறை என்றால் தங்கிய விடுதி. பெயர் வேண்டாம். மூன்று அறை பேசி, முன்பணமும் வாங்கி, போய் நின்றபோது இரண்டுதான் என்றார்கள். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நானும் டிரைவரும் தூக்கிக்கொண்டு போனோம். இரட்டைவால் அம்மா, கேட்க வேண்டிய கேள்வி "லிஃப்ட் இருக்கிறதா" இல்லை, "ஓடுகிறதா".

தனுஷ்கோடிக்குக் கடைசி நாள் காலை ஆறரைக்குப் போனோம். நிழல் என்று ஒரு கையகலம்கூடக் கிடையாது. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று, 1964 டிசம்பரில் புயல் வந்த இரவையும், பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனதையும் அப்பா சொன்னார். அப்போது அவருக்குப் பத்து வயது. ஊரில் ஒரு வீட்டில்தான் ரேடியோ, தெருவே அங்கே நின்று கேட்டதாம். நெப்போலியனுக்குக் கேள்வி கேட்ட பிள்ளைகள் இதற்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஊர்ந்து வருவதைப் பார்த்ததும் மகன், "அது விழுமா?" என்றான். விழாது என்றேன். முழுசாகக் கடந்து போகிற வரைக்கும் அவனை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

திரும்பியது மதுரை, திருச்சி வழி. சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் தூங்கினார்கள்.

செலவுக்குப் பொதுப் பணப்பை ஒன்று வைத்து அம்மாவிடம் கொடுத்தோம். அதனால் சண்டை வரவில்லை. கடைசிக் கணக்கில் அத்தானிடமிருந்து 3,400 ரூபாய் மட்டும் வர வேண்டியிருக்கிறது. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

தொண்டிக்காரன்
ஜூன் 1, இரவு 11.50

அம்மா போனில் ஒரு மணி நேரம் உங்கள் கதைதான் பேசினார்கள். அந்த ஒன்றரை வயதுக்காரன் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டியைக் கேட்டு அழுதானாமே, அதை ஏன் எழுதவில்லை?

ஸ்டியரிங் சாமி
ஜூன் 2, காலை 5.30

டிரைவருக்கு அறை கொடுத்தீர்களா சார்?

வேளச்சேரி வாசி
ஜூன் 2, காலை 7.40

வேளாங்கண்ணியில் கொடுத்தோம் அண்ணா. ராமேஸ்வரத்தில் அறை குறைந்ததால் அவரும் நானும் அத்தானும் ஒரே அறையில். அவர் குறட்டை விடுவதில்லை, அத்தான்தான்.

குக்கர்காரி
ஜூன் 2, இரவு 9.15

இந்தத் தளத்தில் இன்றுதான் சேர்ந்தேன். நான்தான் அந்த அக்கா. ஒற்றைக் காலில் நின்றவள்.

தம்பி, 3,400 ரூபாயை உங்கள் அத்தான் போன ஞாயிறே போனில் அனுப்பிவிட்டார். எழுதுவதற்கு முன்னால் பார்த்திருக்கலாம். குக்கரின் மூடி என் வீட்டில் இல்லை. அரியமான் மணலோடு கட்டி வைத்த நீலப் பை உன் வீட்டில்தான் இருக்கிறது, அதற்குள் பார். நாளைக்குச் சின்னவனுக்குக் கஞ்சி வைக்க வேண்டும்.

வேளச்சேரி வாசி
ஜூன் 2, இரவு 9.32

பணம் வந்திருக்கிறது. மூடியும் இருக்கிறது, உள்ளே இரண்டு சங்கு, ஒரு காய்ந்த நண்டு. நண்டு யாருடையது?